தொப்பியா, நாலெழுத்தா, ஒரு தாளா: எங்கள் பதினான்கு பேரின் சிந்தனைப் பாணியை அறிய எது சரிவரும்?

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ரயிலில் நின்றுகொண்டே எங்கள் கட்டடப் பராமரிப்புக் குழுவுக்கு நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்றை அனுப்பினேன். மறுநாள் காலை சிங்கப்பூர் நகரின் நடுவில் இருக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தில், குளிர்சாதன அமைப்பின் இரண்டாவது பம்புக்கு பேரிங் மாற்றவேண்டும். ஏன் மாற்றுகிறோம், ஒன்பதாவது மாடியில் சர்வர் அறை இருப்பதால் எது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், நேரமிருந்தால் முதல் பம்பையும் பார்த்துவிடலாம், பத்து மணிக்குள் முடிந்தால் நல்லது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்ட திருப்தியில் நிம்மதியாகத் தூங்கியும் போனேன்.

காலையில் போர்மன் அண்ணன் ஐந்தே முக்காலுக்கே வந்து இரண்டு பம்புகளின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டாவதைவிட முதலாவதுதான் அதிகமாக நடுங்கியது. “எது கெட்டுப்போயிருக்கோ அதைத்தானே முதலில் பார்க்கணும்” என்று அதைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம் பொறியாளர்த் தம்பி, இரவெல்லாம் உட்கார்ந்து இரண்டாவது பம்புக்கு இருபத்திரண்டு படிகளில் ஒரு பட்டியல் தயாரித்திருந்தார். அண்ணன் வேறொன்றைக் கழற்றுவதைப் பார்த்ததும் அந்தப் பட்டியல் அவருடைய பைக்குள்ளேயே இருந்துவிட்டது. அலுவலகத்தில் வேலைகளை ஒருங்கிணைக்கும் சீனப் பெண்ணின் காதில் ‘பத்து மணி’ மட்டும் விழுந்திருக்கிறது. பத்து மணிக்குக் குளிர் வந்துவிடும் என்று வாடகைதாரர்கள் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். ஏற்கெனவே நோஞ்சானாக இருந்த இரண்டாவது பம்ப் தனியாக ஓடி ஓடிப் பதினொன்றரைக்கு நின்றது. சர்வர் அறையில் அலாரம் அடித்தபோது நான் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கடிதம் எழுதியது நான்தான். எழுத உட்கார்ந்தால் யார்மீது பழி போடுவது என்று தெரியவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் யோசிக்கும் விதத்தில் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, பிறகு அதிர்வுமானி வைத்து அளந்தபோது அண்ணனின் உள்ளங்கை சொன்னதுதான் சரி என்று தெரிந்தது.

விஷயம் எச்ஆர் எனும் மனிதவளப் பிரிவு வரைக்கும் போனது. “உங்கள் குழுவில் தகவல் தொடர்பு சரியில்லை. பயிற்சிக்கு 3,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்கிறது, மார்ச்சுக்குள் செலவழிக்கவேண்டும். ஆட்களின் சிந்தனைப் பாணியைக் கண்டுபிடிக்கும் சோதனை ஏதாவது பாருங்கள்” என்றார்கள். பார்த்தேன். இரண்டு மாதம் பார்த்து, பயிற்சியாளர்கள் சிலரிடம் பேசி, நானே இரண்டு சோதனைகளை எழுதிப் பார்த்து, கடைசியில் எச்ஆர் எதிர்பார்க்காத ஒரு முடிவுக்கு வந்தேன். இதே மாதிரி ஒரு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் குழு. பதினான்கு பேர். ஆறு பேர் உள்ளூர், மற்றவர்கள் வேலை அனுமதியில் வந்தவர்கள். தமிழ், மாண்டரின், மலாய், பர்மியம், வங்காளம் எல்லாம் உண்டு. பொதுமொழி ஆங்கிலம் என்று பெயர். உண்மையில் அது பம்ப், வால்வு, ‘கேன்’ (முடியும்), ‘கேனாட்’ (முடியாது) என்ற அளவில் ஓடுகிற ஆங்கிலம். விற்கப்படும் சோதனைகள் பெரும்பாலும் அலுவலக மேசைக்கு முன் உட்கார்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது போகப்போகத்தான் புரிந்தது.

‘சிந்தனைப் பாணி’ என்ற ஒரே பெயரில் சந்தையில் வேறு வேறு சரக்கு கிடைக்கிறது. ஒன்று உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்கிறது. இன்னொன்று வெளியே தெரியும் நடத்தையைச் சொல்கிறது. மற்றொன்று பிரச்சினையை எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்கிறது. இந்த மூன்றும் ஆளின்மீது ஒட்டுகிற சீட்டுகள். நான்காவது ஒரு வகை ஆளைப் பற்றி ஒன்றுமே சொல்லாது, இந்தக் கூட்டத்தில் இப்போது எந்த மாதிரி யோசிக்கலாம் என்று மட்டும் கேட்கும். இந்த வித்தியாசம் பிடிபடாத வரைக்கும் விலைப்பட்டியல்களை ஒப்பிட்டு வீணாக நேரம் போக்கிக்கொண்டிருந்தேன்.

நாலெழுத்து

எல்லாரும் முதலில் சொன்னது எம்பிடிஐ. காத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும், கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட மனவகைக் கோட்பாட்டை எடுத்து உருவாக்கியது. இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முதன்முறையாக வேலைக்கு வந்த பெண்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்க்க உதவும் என்பது மகளின் எண்ணம். உள்முகமா வெளிமுகமா என்பதுபோல் நான்கு இரட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து, ஆக மொத்தம் 16 வகை.

இதன் பெரிய பலம், எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மோசமான வகை என்று ஒன்று அதில் கிடையாது. எங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு அவருடைய நான்கு எழுத்தும் ஏற்கெனவே மனப்பாடம். கொரிய நிகழ்ச்சிகளைப் பார்க்கும் இளையர் பலருக்கும் அப்படித்தான். தென்கொரியாவில் பெயர் கேட்டதும் அடுத்த கேள்வியே இதுவாக இருக்கும் அளவுக்கு அது பரவியிருக்கிறது. பேச்சைத் தொடங்கிவைக்க நல்ல சாவி.

ஆனால் நடுவில் நிற்பவர்களை என்ன செய்வது? உயரத்தை அளந்து எல்லாரையும் ‘நெட்டை’, ‘குட்டை’ என்று இரண்டே பெட்டியில் போடுவதுபோல், கோட்டுக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கம் இருப்பவருக்கும் அந்தப் பக்கம் இருப்பவருக்கும் வேறு வேறு எழுத்து கிடைக்கிறது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் குறை. ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

போர்மன் அண்ணனிடம் இதைச் சொன்னேன். கோப்பியை ஆற்றிக்கொண்டே, “பன்னெண்டு ராசி போதாதுன்னு இவங்க பதினாறு வெச்சிருக்காங்களா?” என்றார். அவருக்குத் தெரியாமலே ஒரு பழைய பரிசோதனையைத் தொட்டுவிட்டார். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஒவ்வொருவருக்கும் ‘உங்களுக்கென்றே எழுதியது’ என்று ஒரு குணக்குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. அதன் வரிகளைக் கடைத்தெருவில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். என்னுடைய பதினான்கு பக்க அறிக்கையைப் படித்து “அட, நான்தான்!” என்று நானும் முதல் நாள் சிலிர்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நான்கு எழுத்து, நான்கு பகுதி

அடுத்தது டிஸ்க் (DISC) சோதனை. அதன் நான்கு எழுத்துகளையும் ஆதிக்கம், செல்வாக்கு, நிதானம், நுணுக்கம் என்று தோராயமாகச் சொல்லலாம். வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் 1928இல் வைத்த கோட்பாடு இது. வொண்டர் வுமன் என்ற படக்கதை நாயகியை 1941இல் உருவாக்கியவரும் இதே ஆள்தான். இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் முயற்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு. மனிதருக்கு ஓய்வே இருந்திருக்காது. ஆனால் அவர் சோதனை எதையும் தயாரிக்கவில்லை. கேள்வித்தாள்கள் பிறகு வேறு ஆட்கள் செய்தவை. அதனால் ஒரு பயிற்சியாளரின் டிஸ்க்கும் இன்னொருவரின் டிஸ்க்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. வாங்குமுன் யாருடையது என்று கேளுங்கள்.

டிஸ்க்கில் எனக்குப் பிடித்தது, அது மனத்துக்குள் போகவில்லை. பேச்சில் அவசரப்படுகிறாரா, கேட்ட பிறகு பதில் சொல்கிறாரா என்று கண்ணுக்குத் தெரிவதைப் பேசுகிறது. மேற்பார்வையாளர்களுக்கு அரைநாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எனக்குப் பிடிக்காதது, எங்கள் மாதிரி மேல் கீழ் பார்க்கும் வேலையிடத்தில் ‘ஆதிக்கம்’ என்ற பெட்டியைத்தான் எல்லாரும் தலைமைப் பதவிக்கு வழி என்று நினைப்பார்கள். மாதிரிக்கு நான்கு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். மலாய்க்கார மேற்பார்வையாளரான எங்கள் அபாங் (மலாயில் அண்ணன்), தாளைப் பாதியில் நிறுத்திவிட்டு, “இதில் எது வந்தால் சம்பளம் ஏறும்?” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் மற்ற மூவரும் சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

மூன்றாவது, நெட் ஹெர்மனின் நான்கு பகுதி மூளை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் மேலாளர் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். மூளையின் இரு பாதிகளைப் பற்றி ரோஜர் ஸ்பெரி செய்த ஆய்வு, 1981இல் நோபெல் பரிசு பெற்றது, அந்த நாளில் எல்லாருடைய வாயிலும் இருந்தது. ஹெர்மன் அதிலிருந்து தொடங்கி நான்கு பகுதி வரைந்தார். எண்ணும் தர்க்கமும் ஒன்று, வரிசையும் ஒழுங்கும் ஒன்று, ஆட்களும் உணர்வும் ஒன்று, முழுப் படமும் புதுக் கற்பனையும் ஒன்று. மூளைக்குள் அப்படி நான்கு அறை இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். அது வெறும் உவமைதான் என்று ஹெர்மனே பிறகு சொன்னார். ‘நான் வலது மூளைக்காரன்’ என்பவர்களுக்கு ஒரு செய்தி: 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் 1,000க்கும் அதிகமானோரின் மூளை ஸ்கேன்களைப் பார்த்து, ஒரு பக்க மூளையையே கூடுதலாகப் பயன்படுத்தும் ஆட்கள் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள்.

இருந்தாலும், ஆள்மீது ஒட்டும் சீட்டுகளில் எது வேலைக்கு ஆகும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அந்தச் சனிக்கிழமையை இந்த நான்கு பகுதியில் வைத்துப் பார்த்தால் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. தம்பி வரிசையைத் தேடினார், ஒருங்கிணைப்பாளர் ஆட்களுக்கு என்ன சொல்வது என்று தேடினார், நான் முழுப்படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்மன் அண்ணன் மட்டும் எந்தப் பகுதியிலும் அடங்கவில்லை. கையால் யோசிப்பவருக்கு அந்த வட்டத்தில் இடம் இல்லை, அது வேறு கதை.

இதற்குச் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் வழியாகத்தான் போகவேண்டும். எங்களுக்குச் சொன்ன தொகை பதினான்கு பேருக்குத் தாங்காது. ஆனால் அந்த நான்கு பகுதியையும் நான்கு கேள்வியாக்கிக் கடன் வாங்க யாரிடமும் காசு கொடுக்கவேண்டாமே. அடுத்த வேலைக்கு நான் அனுப்பிய செய்தி இப்படி இருந்தது, ஆங்கிலத்தில்தான்:

“சனி, 6.00 முதல் 12.00 வரை. முதல் பம்ப் மட்டும். இரண்டாவதைத் தொடவேண்டாம், தொடணும் என்று பட்டால் முதலில் எனக்கு அழைக்கவும். காரணம்: சர்வர் அறைக்கு அன்று இரண்டாவதுதான் ஓடுகிறது. படிகள் இணைப்பில். வாடகைதாரருக்குச் சொல்லவேண்டிய நேரம் 12.30. வேறு யோசனை இருந்தால் இன்று இரவு 9 மணிக்குள்.”

படித்து முடிக்க அரை நிமிடம் ஆகாது. எண், வரிசை, ஆட்கள், மாற்று யோசனை நான்கும் இருக்கிறது. யார் எந்தப் பகுதி என்று தெரிந்துகொள்ளாமலே இதை எழுதிவிடலாம் என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் தெளிவு. பதினான்கு பேரையும் சோதித்து, ஒவ்வொருவருக்கும் ஏற்ற மாதிரி பதினான்கு செய்தி அனுப்பப்போகிறேனா என்ன?

பிக் ஃபைவ் என்ற ஐந்து குண அளவுகோலையும் பார்த்தேன். உளவியல் ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். பெட்டியில் போடாமல் ஒவ்வொரு குணத்தையும் ஓர் அளவில் காட்டும், இலவசக் கேள்வித்தாளும் கிடைக்கிறது. ஆனால் ‘பதற்றம் அதிகம்’ என்று வந்த தாளை ஒரு டெக்னீஷியன் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் என்ன பேசுவது? மெரடித் பெல்பினின் ஒன்பது குழுப் பாத்திரங்களும் நல்ல யோசனைதான். புத்திசாலிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்த குழுக்கள் அவர் நடத்திய மேலாண்மை விளையாட்டுகளில் சொதப்பின என்ற கண்டுபிடிப்புக்காகவே அதைப் படிக்கலாம். ஆனால் அது மேலாளர்கள் உட்காரும் குழுவுக்கு. பம்ப் அறைக்கு ஒன்பது பாத்திரம் அதிகம்.

தொப்பிகள்

எட்வர்ட் டி போனோ 1985இல் கொடுத்த ஆறு தொப்பி முறையை முதலில் நான் மதிக்கவில்லை. பள்ளிப்பிள்ளை விளையாட்டு மாதிரி தெரிந்தது. வெள்ளை என்றால் தகவல், சிவப்பு உணர்ச்சி, கறுப்பு எச்சரிக்கை, மஞ்சள் நன்மை, பச்சை புது யோசனை, நீலம் கூட்டத்தை நடத்துவது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே தொப்பியைப் போட்டுக்கொள்ளவேண்டும். ஒருவர் குறை சொல்ல, இன்னொருவர் மறுக்க, அவரை மூன்றாமவர் மடக்க என்று போகாமல், எல்லாரும் சேர்ந்து ஐந்து நிமிடம் குறை, சேர்ந்து ஐந்து நிமிடம் நன்மை.

காசு செலவழிக்குமுன் ஒரு வியாழக்கிழமை சரக்கு இறக்கும் லோடிங் பேயில், வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டம் முடிந்த கையோடு ஏழு பேரை வைத்து நானே செய்து பார்த்தேன். ஆரம்பமே கோணல். எங்கள் இடத்தில் தலைக்கவசத்தின் நிறமே ஆளின் பொறுப்பைச் சொல்லிவிடும். “இப்போது எல்லாரும் மஞ்சள் தொப்பி” என்றதும் ஒரு டெக்னீஷியன் தலையைத் தொட்டுப் பார்த்து, “ஏற்கெனவே போட்டிருக்கிறேனே பாஸ்” என்றார். பச்சைக்கு வந்தபோது சீனத் தோழர்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார்: ‘பச்சைத் தொப்பி போட்டவன்’ என்றால் மாண்டரினில் மனைவியால் ஏமாற்றப்பட்ட கணவன். எந்தப் பயிற்சிக் கையேடும் இதை எனக்குச் சொல்லவில்லை. அன்றே தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘அட்டை’ ஆக்கினோம். பாப்புலர் புத்தகக்கடையில் வாங்கிய வண்ண அட்டைகள், ஆறு நிறம், மொத்தமாகப் பத்து வெள்ளிகூட ஆகவில்லை.

கறுப்பு அட்டையைத் தூக்கியபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வாரம் ஒரு கூலிங் டவரைக் கழுவும் வேலை. அண்ணன் போட்ட திட்டம். வழக்கமாக அண்ணன் ஒன்று சொன்னால் தம்பி தலையாட்டுவார், அப்புறம் என் மேசைக்கு வந்து மெதுவாக, “சார், ஒரு சின்ன விஷயம்” என்பார். பெரியவர் பேச்சை நாலு பேர் முன்னால் மறுப்பது அவருக்கு வராது, வரவும் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். அன்று எல்லாரும் குறை சொல்லியே ஆகவேண்டிய ஐந்து நிமிடம். முதலில் அண்ணனையே சொல்லச் சொன்னேன். அவர் தம் திட்டத்தில் இரண்டு ஓட்டைகளை அவரே சொன்னார். மூன்றாவதாகத் தம்பி, “தண்ணீர் வால்வை மூடிய பிறகும் டோசிங் பம்ப் ஓடும்போல, ரசாயனம் அங்கேயே தேங்கும்” என்றார். யாரும் கோபப்படவில்லை. மறுப்பு அட்டைக்குப் போய்விட்டது, ஆளுக்கு வரவில்லை. அண்ணன் அந்த வரியைத் தம் தாளில் எழுதிக்கொண்டார்.

இந்த ஒன்றுக்காகவே இந்த முறைக்கு ஓட்டுப்போடுவேன். ‘தம்பி அடக்கமானவர், ஒதுங்கியே இருப்பார்’ என்று எந்தச் சோதனையும் எளிதாகச் சொல்லியிருக்கும். சொன்னபின் நாங்களும் அவரை அப்படியே விட்டிருப்போம்.

குறைகளும் உண்டு. ஏழு பேருக்குமேல் போனால் இழுக்கிறது. சிவப்பு அட்டை எங்களிடம் எடுபடவே இல்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்டால் “ஓகே பாஸ்” என்பதுதான் ஏழு பேரின் உணர்ச்சியும். கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் நீல அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தமக்குப் பிடித்த முடிவுக்கே ஆட்களை ஓட்டிப்போகவும் முடியும். நானே ஒருமுறை செய்திருக்கிறேன். தவிர, யாருக்கு எப்படித் தகவல் சொன்னால் ஏறும் என்று இந்த முறை சொல்லாது. அதற்கு வேறு வழி வேண்டியிருந்தது.

ஒரு தாள்

கடைசி வழியைச் சொல்லிக்கொடுத்தது எந்த நிறுவனமும் இல்லை. ஒவ்வொருவருடனும் இருபது நிமிடம், கோப்பிக்கடையில், ஐந்து கேள்வி. செய்தி உங்களுக்கு எழுத்தாக வேண்டுமா, பேச்சாகவா, படமாகவா? எது தெரியாமல் வேலையைத் தொடங்கமாட்டீர்கள்? அவசரத்தில் நீங்கள் எப்படி ஆகிவிடுவீர்கள்? எதைச் செய்தால் உங்களுக்கு எரிச்சல் வரும்? நான் தவறு செய்கிறேன் என்று தெரிந்தால் எப்படிச் சொல்வீர்கள்? பதிலை அவரவர் மொழியில் சொன்னார்கள். தமிழ் ஆட்களுடையதை நான் எழுதினேன், மலாய்க்காரர்களுடையதை அபாங் எழுதினார், பர்மியப் பிள்ளைகளுக்கு அவர்களிலேயே ஆங்கிலம் தெரிந்த ஒருவர். வெளியே காட்டலாம் என்று அவர்கள் சொன்ன வரிகள் மட்டும் ஒரு தாளில்.

போர்மன் அண்ணனுடைய தாளில் முதல் வரி: “முதலில் மெஷினைப் பார்ப்பேன், அப்புறம்தான் பேப்பர். பார்த்தபின் பிளான் மாறும்.” இந்த ஒரு வரி அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் என்னிடம் இருந்திருந்தால் மன்னிப்புக் கடிதமே இல்லை. இப்போது பெரிய வேலைகளுக்கு முந்தின நாள் மாலையே அவரை அனுப்பி இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்க வைத்துவிட்டு, அப்புறம்தான் தம்பி படிகளை எழுதுகிறார்.

ஐந்தாவது கேள்விக்கு மியன்மாரிலிருந்து வந்த ஒரு டெக்னீஷியன் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “சொல்லமாட்டேன் பாஸ்.” ஏன் என்றேன். “பெர்மிட்” என்றார், ஒரே சொல். அவருடைய வேலை அனுமதி வேலை கொடுக்கும் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. நிறுவனம் ரத்து செய்தால் ஊருக்குப் போகவேண்டியதுதான். ஊரில் கடன் இருக்கிறது. இரண்டு வருடமாக நான் அவரை ‘அமைதியான சுபாவம்’ என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அது சுபாவமும் இல்லை, சிந்தனைப் பாணியும் இல்லை, பயம். எம்பிடிஐயின் 93 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்திருந்தால் அவர் 93க்கும் நான் எதை விரும்புவேன் என்று யோசித்துத்தான் பதில் எழுதியிருப்பார், நானும் அதை நம்பியிருப்பேன். இப்போது ஒரு வழி வைத்திருக்கிறோம். வேலையை நிறுத்தவேண்டும் என்று பட்டால் அவர் அபாங்கிடம் சொல்வார், அபாங் யார் சொன்னது என்று சொல்லாமல் என்னிடம் சொல்வார். இதுவரை மூன்று முறை அப்படி வந்திருக்கிறது. இரண்டு முறை அது சரியாகவே இருந்தது.

இந்த முறையின் விலை கோப்பிக் காசு என்று பெருமைப்பட முடியாது. பதினான்கு பேருக்கும் இருபது இருபது நிமிடம், எழுதும் நேரம் எல்லாம் சேர்த்தால் எனக்கு ஒரு வாரம் போனது. ஆள் மாறினால் மறுபடி உட்காரவேண்டும். மேலதிகாரியிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் இது வெறும் சடங்காகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வெளியாள் ஒருவரைக் கேட்கவைப்பதே மேல்.

முடிவு

தாள் முதலில், வாரத்துக்கு ஒரு கூட்டத்தில் வண்ண அட்டை, செய்தி எழுதும்போது ஹெர்மனின் நான்கு கேள்வி. இதுதான் நாங்கள் எடுத்தது. 3,000 வெள்ளியில் அட்டை போக மீதியை எச்ஆரிடமே திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கமாட்டேன் என்றார்கள், செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு தொகை குறையுமாம். நியாயமான பயம்தான். அந்தத் தொகையில் பாதிக்கு மழைக்குத் தாங்கும் வெள்ளைப் பலகை ஒன்றும், இரண்டாவது அதிர்வுமானி ஒன்றும் வாங்கினோம். அண்ணன் அந்த மானியைத் தம் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்து வாரம் ஒருமுறை போட்டி நடத்துகிறார்.

உங்கள் குழு வேறு மாதிரி இருக்கலாம். எல்லாரும் நல்ல ஆங்கிலத்தில் படித்து எழுதுபவர்கள், ஒருவரை ஒருவர் கொஞ்சம்தான் தெரியும், புதிதாகச் சேர்ந்த குழு என்றால் நாலெழுத்தில் தவறில்லை, சிரித்துப் பேச ஒரு சாக்கு கிடைக்கும். வாடிக்கையாளரிடம் நேரே பேசும் ஐந்தாறு மேற்பார்வையாளர்கள் என்றால் டிஸ்க் அரைநாளில் பயன் தரும். மேலாளர்கள் ஒரு பெரிய மாற்றத்தைப் பலதரப்பட்ட ஆட்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்றால் ஹெர்மனுக்குக் காசு கொடுக்கலாம். உள்ளூர்த் தொழிலாளிகளை அவர்களுடைய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையிலிருந்து இதற்குச் செலவழிக்கச் சொல்லும் யோசனை ஒன்றையும் கேட்டேன். அது அவர்கள் தங்கள் திறனை வளர்த்துக்கொள்ள அரசாங்கம் கொடுத்தது. நிறுவனத்தின் தலைவலிக்கு அதில் மருந்து வாங்குவது சரியில்லை.

எதை எடுத்தாலும் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பதில்கள் எங்கே போகின்றன? நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் திரட்டுகிறோம் என்று சொல்லவேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்கிறது. எங்களிடம் பேசிய பயிற்சியாளர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது, “எச்ஆருக்கு ஒரு பிரதி போகும், பதவி உயர்வுக்கு உதவும்” என்றார், அது ஒரு சலுகை மாதிரி. நான் அவருடைய விலைப்பட்டியலை மடித்து வைத்தது அந்த நிமிடத்தில்தான்.

அடுத்த மாதம் எச்ஆர் புதிய மேற்பார்வையாளர் மூவருக்கு டிஸ்க் வைக்கவேண்டும் என்கிறது. சரி என்றிருக்கிறேன், பிரதி அவரவர் கையில் மட்டும் இருக்கும் என்று எழுத்தில் கொடுத்தால். பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் என்னுடைய தாளும் மற்றவர்களுடையதோடு பம்ப் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் யாரோ மார்க்கரால் ‘வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் ஆள்’ என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து அபாங்குடையது மாதிரி தெரிகிறது. நான் கேட்கவில்லை.